ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியில் அஜைல்: எதை முதலில் தொடுவது?

நங்கநல்லூர்க்காரி

வணக்கம். சென்னையில் ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருள் மையத்தில் வேலை செய்கிறேன். இங்கே ஏறக்குறைய ஆயிரம் பேர், அங்கே அதில் பாதி. வரும் ஏப்ரலுக்குள் எல்லா டீமும் அஜைலுக்கு, அதாவது மென்பொருளைச் சிறு சிறு பகுதியாகச் செய்து அடிக்கடி கொடுத்துத் திருத்திக்கொள்ளும் முறைக்கு, மாறிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்குப் போட்ட குழுவில் நானும் இருக்கிறேன்.

இப்போது நடப்பது இதுதான். ஆண்டுக்கு நான்கு ரிலீஸ். தேவைகளை எழுதுவது அமெரிக்காவில் இருக்கும் பிசினஸ் அனலிஸ்டுகள். கோடு (நிரல்) எழுதுவது நாங்கள். டெஸ்டிங் தனி டிபார்ட்மென்ட், அவர்களுக்குத் தனி மேனேஜர். புரொடக்‌ஷனுக்குப் (பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் சிஸ்டத்துக்கு) போக வேண்டுமானால், வாரம் ஒருமுறை கூடும் மாற்ற ஒப்புதல் குழுவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பட்ஜெட் ஆண்டுக்கு ஒருமுறை, புராஜெக்ட் வாரியாக ஒதுக்குவார்கள்.

ஆலோசனை நிறுவனம் கொடுத்த திட்டத்தில் இரண்டு நாள் பயிற்சி, ஸ்கிரம் மாஸ்டர் (ஸ்கிரம் என்ற அஜைல் முறையில் டீமுக்கு வழிகாட்டுபவர்) சான்றிதழ், ஜிரா (வேலைகளைப் பதிந்து பின்தொடரும் மென்பொருள்), தினசரி ஸ்டாண்டப் (டீமின் குறுங்கூட்டம்), இரண்டு வார ஸ்பிரிண்ட் (குறித்த வேலையை முடிக்கும் குறுகிய காலச் சுற்று) எல்லாம் இருக்கின்றன. மேலே நான் சொன்னவற்றில் ஒன்றுகூட மாறவில்லை. அதுதான் உறுத்துகிறது. பெரிய இடத்தில் இந்த மாற்றத்தை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். எதை முதலில் தொட வேண்டும்?

ஓஎம்ஆர்_வாசி

தோழி, வெளிப்படையாகச் சொல்கிறேன். நான் பார்த்த சர்வீஸ் கம்பெனி டீம்களில் அஜைல் வந்தபின் டெவலப்பர்களின் நிலைமை மோசமாகத்தான் ஆனது. முன்பு வாரத்துக்கு ஒரு ஸ்டேட்டஸ் மீட்டிங். பிறகு தினமும் ஸ்டேட்டஸ் மீட்டிங், ஸ்டாண்டப் என்ற பெயரில். பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டியது ஒரு மணி நேரம் போகும். ஏனென்றால் மேனேஜரும் கிளையன்டும் அதில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் விசாரிப்பார்கள்.

அப்புறம் வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்பிரிண்டில் டீம் முடித்த ஸ்டோரி பாயிண்டுகளின் (வேலையின் அளவுக்கு டீமே போடும் புள்ளி) கூட்டுத்தொகை. டீம் தனக்காக வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு அது. மேலே அனுப்ப ஆரம்பித்தவுடன், எந்த டீம் அதிகப் புள்ளி என்று ஒப்பிடுவார்கள். அடுத்த ஸ்பிரிண்டிலேயே மூன்று புள்ளி வேலை ஐந்து புள்ளி ஆகிவிடும். யாரும் பொய் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை. அப்ரைசலில் அந்த எண் வரும் என்று தெரிந்தால் மனிதர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

உங்கள் குழு ஒரே ஒரு தீர்மானம்தான் போட முடியும் என்றால் இதைப் போடுங்கள்: ஸ்டோரி பாயிண்ட் டீமை விட்டு வெளியே போகக் கூடாது.

பெருங்கணினி

நங்கநல்லூர்க்காரி மேடம், உங்கள் உறுத்தலில் நியாயம் இருக்கிறது. மெயின்ஃப்ரேம் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாட்டர்ஃபால் முறைக்கு (ஒரு கட்டம் முழுதும் முடிந்தபின்தான் அடுத்தது என்னும் பழைய முறை) மூலம் என்று வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையைக் காட்டுவார்கள். அவர் அந்தப் படிக்கட்டுப் படத்தை வரைந்துவிட்டு, இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியில்தான் முடியும் என்று அதே கட்டுரையில் எழுதினார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கைக்கும் பெரிய கம்பெனிகளில் இதே கதிதான். அதில் ஸ்டாண்டப் கிடையாது, ஸ்டோரி பாயிண்ட் கிடையாது. ஓடும் மென்பொருளை இரண்டு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள் அடிக்கடி கொடுங்கள் என்று இருக்கிறது. பிசினஸ் ஆட்களும் டெவலப்பர்களும் தினமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. உங்களுக்கு வந்த திட்டத்தில் இல்லாதவை சரியாக இந்த இரண்டும்தான்.

பெரிய, கட்டுப்பாடு மிகுந்த இடத்தில் உண்மையிலேயே மாறிய ஓர் உதாரணம் வேண்டுமானால் அமெரிக்காவின் எஃப்பிஐ-யின் சென்டினல் திட்டத்தைப் பாருங்கள். ஆடிட் அறிக்கைகளாகவே எல்லாம் பதிவாகியிருப்பதால் யாரும் மெருகேற்றிச் சொல்ல முடியாத கதை அது.

வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்குக் கொண்டுவர எஃப்பிஐ முதலில் ஒரு மென்பொருள் செய்யப் பார்த்தது. சுமார் 17 கோடி டாலர் செலவழித்து 2005-இல் அதைக் கைவிட்டார்கள். 2006 மார்ச்சில் சென்டினல் தொடங்கியது. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு ஒப்பந்தம், நான்கு கட்டங்கள், 42.5 கோடி டாலர், 2009 டிசம்பரில் முடிய வேண்டும். எல்லாத் தேவைகளையும் முன்கூட்டியே எழுதி, கட்டம் கட்டமாகக் கையெழுத்து வாங்கிப் போகும் முறை. 2010 ஆகஸ்டு வந்தபோது, 45.1 கோடியாக உயர்ந்திருந்த பட்ஜெட்டில் 40.5 கோடி தீர்ந்துவிட்டது. முடிந்ததோ நான்கில் இரண்டு கட்டம். மிச்சத்தை முடிக்க இன்னும் ஆறு ஆண்டும் 35.1 கோடி டாலரும் ஆகும் என்று வெளியார் மதிப்பீடு சொன்னது.

அப்போது எஃப்பிஐ வேலையை நேரடியாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இரண்டு வார ஸ்பிரிண்ட் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சின்ன விஷயம். ஒப்பந்தக்காரரின் ஆட்களை சுமார் 220-லிருந்து 40 ஆகக் குறைத்ததைக் கவனியுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளே வந்ததைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் ஓடும் மென்பொருளைக் காட்டியாக வேண்டும் என்றார்கள். இத்தனை சதவீதம் முடிந்தது என்ற பேச்சுக்கு அதன்பின் மதிப்பில்லை.

அப்புறமும் தாமதம் ஆனது, அதையும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பரில் முடிப்பதாகச் சொன்னார்கள். அந்த அக்டோபரில் நிஜமான பயனர்களைக் கொண்டு பெரிய சோதனை வைத்தபோது சிஸ்டம் இரண்டு முறை விழுந்தது. பழைய சர்வர்கள் போதாது என்று அப்போதுதான் தெரிந்தது. புது சர்வர்கள் வாங்கி, 2012 ஜூலை 1-ஆம் தேதி எல்லோருக்கும் திறந்தார்கள். அதே 45.1 கோடி பட்ஜெட்டுக்குள். ஆறு ஆண்டு என்று மதிப்பிட்ட மிச்ச வேலை இரண்டு ஆண்டுக்குள் முடிந்தது.

எதை முதலில் தொட வேண்டும் என்று கேட்டீர்கள். யார் முடிவெடுக்கிறார்கள் என்பதையும் எதை முடிந்த வேலையாக எண்ணுகிறார்கள் என்பதையும் தொடுங்கள். மீட்டிங்குகள் பிறகு.

மென்பொறியாளன்

> 220-லிருந்து 40

சார், இந்த எண்ணைப் பார்த்து மேலிடத்தில் வேறு மாதிரி யோசிப்பார்களே? அஜைல் வந்தால் ஆளைக் குறைக்கலாம் என்று.

பெருங்கணினி

அந்த பயம் நியாயமானது தம்பி. அங்கே குறைந்தது பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஆவணம் தயாரிப்பது, கட்டம் மாறும்போது ஒப்படைப்பது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பது என்று நீண்ட சங்கிலியாக இருந்த வேலைகள் தேவையில்லாமல் போயின. ஆளைக் குறைப்பதுதான் நோக்கம் என்று தொடங்கினால் யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள், அன்றே அஜைல் செத்துவிடும். குழு முதல் கூட்டத்திலேயே மேலிடத்திடம் இதை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

தேர்வாளினி

நான் டெஸ்டிங்கில் இருப்பவள், அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்த விவாதங்களில் எங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அக்கா, நீங்கள் டெஸ்டிங் தனி டிபார்ட்மென்ட் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் திட்டம் நிற்பதும் விழுவதும் அந்த வரியில்தான். டெவலப்பர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோடு எழுதி எங்களிடம் தள்ளிவிடுவார்கள். அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் போன ஸ்பிரிண்டின் வேலையைச் சோதித்து பக் போட்டால், டெவலப்பர் இந்த ஸ்பிரிண்டின் வேலையை நிறுத்திவிட்டு அதைத் திருத்த வேண்டும். இப்படியே போய், ரிலீசுக்கு முன்பு எல்லா டீமின் கோடையும் சேர்த்துப் பார்க்க ஒரு மாதம் ஒதுக்குவார்கள். ஹார்டனிங் ஸ்பிரிண்ட் என்று பெயர் வைப்பார்கள். ராத்திரி பகலாக உட்கார்வது நாங்கள். பத்துப் பேர் சமைத்து ஒரே ஆள் பரிமாறுகிற பந்திபோல ஆகிவிடும்.

நோக்கியாவில் நடந்ததைப் படித்தால் புரியும். அஜைலை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்ட நிறுவனம் அது. ஒரு டீம் ஸ்கிரமை ஒழுங்காகப் பின்பற்றுகிறதா என்று சோதிக்கும் கேள்விப் பட்டியலுக்கே உலகம் முழுக்க நோக்கியா டெஸ்ட் என்றுதான் பெயர். டீம்களின் மதிப்பெண் நன்றாகவே இருந்தது. ஆனால் அவர்களின் சிம்பியன் என்ற ஃபோன் மென்பொருளை ஒருமுறை முழுதாக பில்டு செய்ய (நிரல்களைச் சேர்த்து ஓடும் நிலைக்குக் கொண்டுவர) 48 மணி நேரம் ஆனது என்று, பின்னாளில் நோக்கியாவின் தலைவராக இருந்த ரிஸ்டோ சிலாஸ்மா எழுதியிருக்கிறார். ஒரு திருத்தம் சரியா தவறா என்று தெரிந்துகொள்ளவே இரண்டு நாள் காத்திருக்கும் இடத்தில் இரண்டு வார ஸ்பிரிண்ட் என்ன செய்யும்? ஐஃபோன் 2007-இல் வந்துவிட்டது. ஸ்டாண்டப் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் போட்டி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அதனால் எனது கோரிக்கை: டெஸ்டர்களை டீமுக்குள் கொண்டுவாருங்கள். டெவலப்பருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆட்டோமேட்டட் டெஸ்ட் எழுத நேரமும் பணமும் தனியாக ஒதுக்குங்கள். டெஸ்ட் ஆகாத வேலையை முடிந்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள். எங்கள் வேலை போய்விடுமோ என்று எங்கள் டிபார்ட்மென்ட் மேனேஜர்கள் எதிர்ப்பார்கள். அவர்களோடு பொறுமையாகப் பேசுங்கள், அவர்கள் கெட்டவர்கள் இல்லை.

இன்னொன்று. ஸ்டாண்டப்பை யாருடைய நேரத்தில் வைக்கப்போகிறீர்கள்? அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்காலத்தில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. குளிர்காலத்தில் ஏழரை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் சமாளிக்கலாம். தினமும் ஏழரைக்கு ஸ்டாண்டப், அப்புறம் ஒரு பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்) கூட்டம் என்றால் குழந்தை வைத்திருக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வேலையை விடுவார்கள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். நல்ல டெஸ்டர்கள்.

நங்கநல்லூர்க்காரி

தேர்வாளினி, கடைசிப் பத்தியை அப்படியே குழுவில் வாசிக்கப் போகிறேன். இதுவரை எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

எல்லோருக்கும் ஒரு கேள்வி. ஒரு டீமை மட்டும் முதலில் மாற்றிப் பார்க்கலாமா, எல்லோரையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமா? மேலிடம் இரண்டாவதைத்தான் விரும்புகிறது.

கடல்தாண்டி

நெதர்லாந்திலிருந்து எழுதுகிறேன். ஒரே நேரத்தில் மாற்றிய பெரிய நிறுவனம் என்றால் இங்கே எல்லோரும் ஐஎன்ஜி வங்கியைத்தான் சொல்வார்கள். 2015-இல் தலைமையகத்தை முழுவதும் பிரித்து மறுபடி அடுக்கினார்கள். ஒன்பது பேர் கொண்ட சுமார் 350 ஸ்குவாடுகள், அவற்றைச் சேர்த்து 13 டிரைப்கள். மார்க்கெட்டிங், புராடக்ட், ஐடி ஆட்கள் ஒரே ஸ்குவாடில். டிபார்ட்மென்ட் சுவரை உண்மையாகவே இடித்தார்கள், அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அதன் விலையையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் தலைமையக ஊழியர் எல்லோரும் வேலை இல்லாத நிலையில் வைக்கப்பட்டு, புது அமைப்பில் ஓர் இடத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லப்பட்டார்கள். தேர்வில் அறிவைவிட மனப்பாங்கைத்தான் அதிகம் பார்த்தார்கள். நல்ல அறிவுள்ள பலர் அதனால் வெளியேற நேர்ந்ததை வங்கியின் நிர்வாகிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இங்கே தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் வலுவானவை. வேலை போனவருக்கு அரசின் தாங்கல் உண்டு. சென்னையில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை அப்படி நிறுத்தி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்குவாடு, டிரைப் எல்லாம் ஸ்பாட்டிஃபை என்ற இசைச் சேவை நிறுவனத்திலிருந்து வந்தவை. ஹென்ரிக் நிபெர்க்கும் ஆண்டர்ஸ் இவார்சனும் 2012-இல் அதை விவரித்து எழுதியபோதே, இது அன்றைய நிலையின் ஒரு படம் மட்டுமே, நாங்கள் மாறிக்கொண்டே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது ஸ்பாட்டிஃபை வளர்ந்துகொண்டிருந்த இளம் நிறுவனம். ஐம்பது வருடத்துப் பாலிசிகள் தங்கியிருக்கும் காப்பீட்டு சிஸ்டத்துக்கு அந்தப் பெயர்களை ஒட்டுவதால் ஒன்றும் ஆகாது.

பெருங்கணினி

நான் ஒரு டீமில் தொடங்குங்கள் என்பேன். தவறு நடந்தால் சிறிதாக நடக்கும்.

தேர்வாளினி

பெருங்கணினி சார், மன்னிக்கவும், இதில் ஒத்துப்போக முடியவில்லை. ஒரு டீம் மட்டும் மாறினால் அது மற்ற டீம்களுக்காகக் காத்திருந்தே சோர்ந்துபோகும். அந்த டீமுக்கு ரிலீஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். டேட்டாபேஸ் ஆட்கள் பழைய முறையில். டெஸ்ட் சர்வர் கேட்டால் மூன்று வாரம். ஆறு மாதம் கழித்து, அஜைல் நமக்குச் சரிவராது என்று அறிக்கை எழுதுவார்கள்.

சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் எப்படிச் செய்தது என்று பாருங்கள். ஆரம்பத்தில் ஆண்டுக்கு நான்கு ரிலீஸ் கொடுத்த நிறுவனம், ஆள் பெருகப் பெருக 2006 வாக்கில் ஆண்டுக்கு ஒன்றாகத் தேய்ந்துவிட்டது. அந்த ஆண்டு கடைசியில் முப்பதுக்கு மேற்பட்ட டீம்களை மூன்று மாதத்தில் ஒன்றாக மாற்றினார்கள். அடுத்த ஓராண்டில் 94 சதவீதம் அதிக அம்சங்களை வெளியிட்டதாக அவர்களே கணக்குக் காட்டினார்கள். அதற்குப் பிறகு ஆண்டுக்கு மூன்று ரிலீஸ், சொன்ன தேதியில்.

பெருங்கணினி

நல்ல உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே என்னவெல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே கோடு தளத்தில் வேலை செய்தார்கள். ஆட்டோமேட்டட் டெஸ்டுகள் முன்பே இருந்தன. நிறுவனர்களே ஆதரவாக நின்றார்கள். நீங்கள் மேலே கேட்ட எல்லாம் அவர்களிடம் இருந்தன. மேடம் சொல்லும் நிறுவனத்தில் ஒன்றும் இல்லை.

எல்லோரையும் ஒரே நேரத்தில் மாற்றி, மேலிடமும் ஆதரித்து, அப்படியும் விழுந்த திட்டம் வேண்டுமானால் பிரிட்டனின் யூனிவர்சல் கிரெடிட். ஆறு வகை உதவித்தொகைகளை ஒன்றாக்கும் திட்டம். அஜைல் முறையில் செய்வதாகத்தான் அறிவித்தார்கள். அடியில் பெரிய ஒப்பந்தங்களும் நெருக்கமான காலக்கெடுவும் அப்படியே இருந்தன. 2013 செப்டம்பரில் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கொடுத்த அறிக்கையில் 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள மென்பொருள் வேலை தள்ளுபடி செய்யப்பட்டதாக இருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நல்ல செய்தியை மட்டுமே மேலே அனுப்பும் பழக்கம் திட்டத்துக்குள் ஊறியிருந்தது என்று அறிக்கை சொல்கிறது. பிறகு ஒரு சிறிய உள்குழு புதிதாக எழுதத் தொடங்கி, 2014 நவம்பரில் லண்டனின் சட்டன் பகுதியில் மட்டும் கொஞ்சம் பேருக்குத் திறந்து, பயன்படுத்துபவர்களைப் பார்த்துப் பார்த்துத் திருத்தி விரிவாக்கினார்கள். அதுதான் நிலைத்தது.

தேர்வாளினி

சட்டன் உதாரணம் சரி சார். அப்படியானால் ஒரு டீம் என்பதற்குப் பதிலாக ஒரு முழுச் சேவை என்று சொல்லலாமா? தேவை எழுதுபவரிலிருந்து புரொடக்‌ஷன் வரை அந்தச் சேவைக்குத் தேவையான எல்லோரும். அது ஒரு டீமாகவும் இருக்கலாம், ஐந்து டீமாகவும் இருக்கலாம்.

பெருங்கணினி

அதை முழுமனதாக ஏற்கிறேன். நான் எழுதியதைவிடச் சரியாக இருக்கிறது.

மென்பொறியாளன்

தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். இங்கே சேஃப் (SAFe) முறை, பல டீம்களில் ஒன்றாக அஜைல் நடத்துவதற்கான ஏற்பாடு. 2011-இல் டீன் லெஃபிங்வெல் வெளியிட்டது, பெரிய கம்பெனிகள் அதிகம் எடுத்துக்கொள்வது. இணையத்தில் அதைத் திட்டாதவர் இல்லை. ஆனால் எனக்கு அதனால் ஒரு நன்மை கிடைத்தது. பத்து வாரத்துக்கு ஒருமுறை எல்லா டீமும் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிடும் இரண்டு நாள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சுவரில் சிவப்பு நூல் கட்டுவோம். முதல்முறை அந்தச் சுவரைப் பார்த்தபோதுதான் எங்கள் டீமின் தாமதத்துக்குக் காரணம் நாங்கள் இல்லை, மூன்று டீம்கள் ஒரே ஆளிடம் போய் நிற்பது என்று தெரிந்தது. அதுவரை எங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடல்தாண்டி

அந்த நூல்கள் குறைகின்றனவா? ஒவ்வொரு முறையும் அதே நூல்களைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், அந்தக் கூட்டம் பிரச்சினையைப் பார்க்க உதவுகிறதே தவிர தீர்க்கவில்லை. ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்களோ அதே வடிவத்தில்தான் அதன் மென்பொருளும் அமையும் என்று மெல்வின் கான்வே 1968-இலேயே எழுதிவிட்டார். மூன்று டீம் ஒருவரிடம் போய் நின்றால், கோடையும் டீமையும் சேர்த்துப் பிரித்து அடுக்க வேண்டும். அதற்குத் துணிந்த மேனேஜர் யாராவது இருக்கிறார்களா?

மென்பொறியாளன்

சில குறைந்தன. அந்த ஒரு ஆளின் வேலையை இரண்டு டீமுக்குப் பிரித்தார்கள். மற்றவை அப்படியே. உங்கள் கேள்வி சரியானதுதான்.

கணக்குப்பிள்ளை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். சர்வீஸ் கம்பெனியில் விலை நிர்ணயமும் ஒப்பந்தமும் பார்ப்பவன். பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த இழை முடியக் கூடாது.

நிலையான விலை ஒப்பந்தம் என்றால் எதைக் கொடுப்போம் என்பது கையெழுத்திடும் நாளிலேயே முடிவாகிவிடும். பிறகு கிளையன்ட் மனம் மாறினால் அது சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதற்குத் தனிப் பணம், தனி ஒப்புதல். மாற்றத்தை வரவேற்போம் என்று அஜைல் அறிக்கை சொல்கிறது. மாற்றம் ஒவ்வொன்றும் பேரம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. டெவலப்பர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். ஓஎம்ஆர்_வாசி சொன்ன வேதனையில் பாதி இங்கிருந்து வருவது. தலைக்கு இத்தனை மணி நேரம் என்று பில் போடும் இடத்தில், மணிக்கணக்கைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே தினசரி விசாரணை வேண்டியிருக்கிறது.

மேடத்தின் நிறுவனம் சொந்த மையம் என்பதால் பில்லிங் தொல்லை இல்லை. ஆனால் ஆண்டு பட்ஜெட் அதே வேலையைச் செய்யும். புராஜெக்டுக்குப் பணம் ஒதுக்கினால் புராஜெக்ட் முடிந்ததும் டீம் கலையும். கலைந்த டீமின் அறிவும் கலையும். அடுத்த ஆண்டு அதே கோடைத் தொட வேறு ஆட்கள் வருவார்கள், கற்றுக்கொள்ளவே மூன்று மாதம். கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) சேவைக்கு இந்த ஆண்டு இத்தனை பேர் என்று நிலையான டீமுக்குப் பணம் கேளுங்கள். எந்த வேலையை முதலில் செய்வது என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை முடிவு செய்துகொள்ளலாம். ஃபைனான்ஸ் ஆட்களுக்கு இது கடினமான கோரிக்கை இல்லை. தலைக்கணக்கு மாறாத டீமின் செலவைக் கணிப்பது அவர்களுக்குச் சுலபம்தான். யாரும் அவர்களிடம் போய்க் கேட்பதில்லை என்பதுதான் என் அனுபவம்.

மாற்ற ஒப்புதல் குழுவைப் பற்றியும் ஒன்று. நிக்கோல் ஃபோர்ஸ்கிரன் குழுவினர் பல நிறுவனங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு இது: வெளியிலிருந்து ஒரு குழு ஒப்புதல் தரும் இடங்களில் ரிலீஸ் மெதுவாகிறது, ஆனால் புரொடக்‌ஷனில் கோளாறு குறைவதில்லை. உங்கள் ஆடிட் ஆட்கள் கேட்பது, எழுதியவர் தவிர இன்னொருவர் பார்த்தாரா, பதிவு இருக்கிறதா என்பவைதான். சக டெவலப்பரின் கோடு ரிவியூவும் தானாகப் பதிவாகும் டெஸ்ட் முடிவும் அதைக் கொடுக்கும். ஆடிட் ஆட்களை ஆரம்பத்திலேயே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

ஓஎம்ஆர்_வாசி

கணக்குப்பிள்ளை சார், ஒப்பந்தம் பார்க்கும் ஒருவர் இப்படி எழுதி நான் படித்ததில்லை. நன்றி.

என் முதல் பதிவில் கோபமாக எழுதினேன், அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் இழையைப் படித்தபின் ஒன்று சேர்க்கிறேன். ஸ்கிரம் மாஸ்டர் சான்றிதழுக்கு நூறு பேரை அனுப்பும் திட்டத்தைத் தயவுசெய்து நிறுத்திப் பாருங்கள். 2023 ஜனவரியில் கேப்பிடல் ஒன் வங்கி அஜைல் வேலைப் பிரிவு ஒன்றையே மூடியது. 1,100-க்கு மேற்பட்டவர்களின் வேலை போனது. அந்த வேலைகளை டெவலப்பர்களும் புராடக்ட் மேனேஜர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். ஒருவரை அவரது தொழில் அறிவிலிருந்து பிரித்து, கூட்டம் நடத்துபவராக மட்டும் ஆக்கினால் பிற்பாடு பாதிக்கப்படுவது அவர்தான். நம் ஊரில் இப்படி மாறிய எத்தனையோ நல்ல டெவலப்பர்கள் இருக்கிறார்கள்.

நங்கநல்லூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை குழுவில் நான் வைக்கப்போவது இது. பிழை இருந்தால் திருத்துங்கள்.

ஏப்ரலுக்குள் எல்லோரும் என்பதற்குப் பதிலாக, ஏப்ரலுக்குள் வாகன விபத்துக் கிளெய்ம் சேவை மட்டும். அதைத் தொடும் நான்கு டீமும், அவர்களுக்கான டெஸ்டர்களும், அமெரிக்காவில் உள்ள இரண்டு அனலிஸ்டுகளும் ஒரே மேனேஜரின் கீழ். தினசரி ஸ்டாண்டப் சென்னை நேரம் காலையில், இங்கிருப்பவர்களுக்கு மட்டும். அங்கிருப்பவர்களோடு வாரம் இரண்டு நாள், மாலை ஏழரைக்குள் முடிய வேண்டும். அந்தச் சேவைக்கு மாதம் ஒருமுறையாவது ரிலீஸ் செய்யும் அனுமதி. வெலாசிட்டி மேலே போகாது. எத்தனை நாளில் ஒரு கோரிக்கை கிளெய்ம் பார்ப்பவரின் திரைக்கு வருகிறது, வந்தபின் எத்தனை கோளாறு, இந்த இரண்டு மட்டும் போகும். யாருடைய வேலையும் போகாது என்ற எழுத்துபூர்வ உறுதி.

பெருங்கணினி சார், இதில் எதை விட்டுவிட்டேன்?

பெருங்கணினி

பயனர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டிஃபென்ஸ் இன்னோவேஷன் போர்ட் 2018-இல் ஒரு சிறு வழிகாட்டி வெளியிட்டது, பெயருக்கு மட்டும் அஜைலாக இருக்கும் திட்டங்களைக் கண்டுபிடிப்பதற்கு. டீமில் யாருமே மென்பொருளைப் பயன்படுத்துபவரோடு பேசவில்லை என்றால் அது அஜைல் இல்லை என்பது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. உங்கள் பட்டியலில் அனலிஸ்ட் இருக்கிறார், கிளெய்மைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் இல்லை. அனலிஸ்ட் அவரது சார்பில் பேசுவது போதாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் டெமோவுக்கு வந்து, தானே மவுசைப் பிடித்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நங்கநல்லூர்க்காரி

சேர்த்துவிட்டேன். கிளெய்ம் அலுவலகத்தில் ஒரு மேற்பார்வையாளரைத் தெரியும், ரொம்ப நாளாகத் திரைகள் மெதுவாக இருப்பதாகப் புகார் சொல்பவர். அவரிடமே கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை

மேடம், ஒரு காலக்கணக்கு. அடுத்த ஆண்டு பட்ஜெட் உங்கள் நிறுவனத்தில் எப்போது மூடுகிறார்கள் என்று இன்றே விசாரியுங்கள். ஜனவரியில் ஆண்டு தொடங்கும் அமெரிக்க நிறுவனங்களில் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே எண்கள் முடிவாகிவிடும். அதற்குள் கிளெய்ம் சேவைக்கு நிலையான டீம் என்ற வரி உள்ளே போகாவிட்டால், ஏப்ரலில் தொடங்கினாலும் டிசம்பரில் அந்த நான்கு டீமும் வேறு வேறு புராஜெக்டுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்பு ஃபைனான்ஸில் ஒருவரைப் பாருங்கள். ஆட்டோமேட்டட் டெஸ்ட் சூழலுக்கான சர்வர் செலவையும் அதே வரியில் போடுங்கள். தனி வரியாகப் போட்டால் முதலில் வெட்டுவது அதைத்தான்.

தேர்வாளினி

ஆமாம், அதே வரியில் போடுங்கள் அக்கா. டெஸ்ட் டேட்டா தயாரிக்க ஒரு ஆளையும் சேர்த்துக் கேளுங்கள். வாகனக் கிளெய்மில் பழைய பாலிசி வகைகள் எத்தனை இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்து அனுப்பினால், எந்த வகைக்கு முதலில் டெஸ்ட் எழுதலாம் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.